கூறைக்குப் பொருந்தாத சிவப்பு

போன கிழமை எங்கள் பழைய முதலாளியின் மகன் வெள்ளவத்தையில் புதுக்கடை ஒன்று திறந்தார். பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தால், லிப்ஸ்டிக் வைத்திருக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளை தன் ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஃபோனுக்குள்ளே அவள் உதடு சிவக்கிறது. விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் ஆரஞ்சாகிறது. இன்னொரு தள்ளு, ஊதா. உதட்டில் ஒரு சொட்டுச் சாயம் படவில்லை! எனக்கு வந்த சந்தோஷத்தில் கையைத் தட்டிவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"அங்கிள், எனக்கு எந்த ரெட் சரி?" என்று அவள் விளையாட்டாகக் கேட்டாள்.

"அத வச்சிட்டு வாசலுக்கு வாம்மா" என்றேன்.

வேலை செய்யும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அவள் வந்தாள். காலி வீதி வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்து, உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து விரல் நுனியில் தடவிக் காட்டினேன். "ஐயோ, இதுதான்!" என்று குதித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் என்னை விடவில்லை. கதிரை வந்தது, பிளேன்டீ வந்தது. நான் சொல்லச் சொல்லத் தேத்தண்ணீர் ஆறிப்போய், இன்னொன்று வந்தது. எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பஸ் போர்டுகளைப் பார்த்துத் தமிழ் எழுத்துப் பழகியவன். ஆகவே நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். கதை வேறு பக்கம் போனால் அவள் பேனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் திரும்பி வருவேன். எல்லா நேரமும் வரமாட்டேன்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். மீசை முளைக்கும் வயதில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் முதலாளியின் மொத்த வியாபாரக் கடையில் பெட்டி தூக்கினேன். சவர்க்காரம், பவுடர், நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ், எல்லாவற்றையும் பெட்டிக்கு வெளியிலிருந்தே மணத்தால் சொல்லிவிடுவேன். பிறகு வெள்ளவத்தைக் கடைக்கு அனுப்பினார். அங்கேயும் பெட்டிதான்.

என்னை லிப்ஸ்டிக் பக்கம் கொண்டுபோனது என் கை. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் இல்லை. காற்றாடி நின்றுவிட்டது. கொழும்பு வெக்கை தெரியும்தானே, லிப்ஸ்டிக் எல்லாம் மெழுகுதிரி போல வளைகிறது. லிப்ஸ்டிக் விற்கும் பிலோமினா மிஸ் ஒன்றைத் திருகி எடுக்க, நுனி முறிந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற என்னிடம் அடுத்ததை நீட்டி, "புடி மேன்" என்றார். பிடித்தேன். அது வளையவில்லை. மிஸ் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தையில் மீன் பார்ப்பதுபோல.

"ஐஸ்ல வச்ச கை மாதிரி இருக்கு. ஒனக்கு ஒடம்புல வருத்தம் கிருத்தம் இல்லையே?"

"இல்லீங்க மிஸ். பொறந்ததுலருந்தே இப்பிடித்தான்."

"அப்ப நாளைலருந்து பெட்டி தூக்காத. என்ட பக்கத்துல நில்லு."

அவ்வளவுதான். அறையில் என்னோடு தங்கியிருந்தவர்கள் மாதக்கணக்கில் என்னைக் கிண்டல் பண்ணினார்கள். "முத்தையா, வேலைக்குப் போகையில பூ வச்சுக்கிட்டுப் போடா" என்று ஒருவன். "பூ வேணாம், வளையல் போதும்" என்று மற்றவன். சொல்லட்டும். அவர்கள் மூட்டை தூக்கினார்கள். நான் சிவப்புத் தூக்கினேன்.

பிலோமினா மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனைக்காரி, கொழும்புச் செட்டி குடும்பம். காலையில் கோயிலில் பூசை கண்டுவிட்டு பஸ் ஏறி வருவார். கடைக் கதவு திறக்கும்போதே அவர் உதடு சிவந்திருக்கும். ஐம்பது தாண்டிய வயது. அந்தச் சிவப்பு அவர் முகத்தில் இல்லாமல் நான் பார்த்ததில்லை. வாடிக்கைக்காரரோடு தமிழ், சாமான் கொண்டுவருபவர்களோடு சிங்களம், தன்னைத்தானே ஏசிக்கொள்ள இங்கிலீஷ். "அழகா இருக்கு" என்று ஒரு வாடிக்கைக்காரியிடமும் சொன்னதில்லை. "சரி" என்பார், இல்லாவிட்டால் "சரியில்ல" என்பார். சரியில்லை என்று அவர் சொன்னதை, அழுதாலும் விற்கமாட்டார். முதலாளிக்கு இதில் பெரிய மனவருத்தம். ஆனால் மிஸ்ஸிடம் சொல்லப் பயம்.

அவருடைய முறையைக் கேளுங்கள். புறங்கையில் தடவிப் பார்ப்பதை அவர் விடமாட்டார். "ஒன்ட புறங்கையவா கொஞ்சப் போறான்?" என்று கேட்டு, இளம் பிள்ளைகளை வெட்கப்பட வைப்பார். விரல் நுனியில்தான் தடவ வேண்டும், அங்கேதான் தோல் உதட்டின் நிறத்துக்குக் கிட்ட வரும். அதற்கு முன்னால் கீழுதட்டைக் கொஞ்சம் மடித்து உள்பக்கத்தைப் பார்ப்பார். ஒருவருக்கு உள்ளே ரோஸாக இருக்கும், ஒருவருக்கு நாவல்பழம் சாப்பிட்டதுபோல, ஒருவருக்குச் சுட்ட செங்கல் போல. "சிவப்பு உள்ளுக்குத்தான் இருக்கு. நாங்க அதுட அக்காவையோ தங்கச்சியையோ தேடிக் குடுக்கிறம், வேற குடும்பத்துப் பிள்ளைய இல்ல" என்பார்.

பிறகு ஆளை வாசலுக்குக் கூட்டிப்போவார். டியூப்லைட்டில் சிவப்புக்கு நீலம் ஏறிவிடும், அந்த வெளிச்சத்தை அவர் நம்பமாட்டார். வாசலில் நிற்கவைத்து, "பம்பலப்பிட்டி சொல்லு" என்பார். எங்களுக்குப் பக்கத்து ஊர்தானே பம்பலப்பிட்டி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், உதடு மூடித் திறந்து மூடித் திறந்து வேலை செய்யும். உதடு இரண்டும் ஒட்டிப் பிரியும்போது சாயம் நிற்கிறதா, ஓரம் கலைகிறதா என்று அதிலே தெரிந்துவிடும். பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள், ஏன் இந்தக் கடை வாசலில் பெண்கள் வந்து வந்து பம்பலப்பிட்டி, பம்பலப்பிட்டி என்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஒரு முறை பஸ் கண்டக்டர் ஒருவர், "பம்பலப்பிட்டி போறதெண்டா ஏறுங்க நோனா!" என்று பஸ்ஸை நிறுத்தியே விட்டார்.

லிப்ஸ்டிக்கின் அடியில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ் பெயர் எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் நானே பெயர் வைத்தேன். ஜம்புப்பழம், தபால்பெட்டி, வெத்திலை, பீட்ரூட், செங்கல். முதலில் மிஸ் சிரித்தார். கொஞ்ச நாளில் அவரே கடையின் அந்தப் பக்கத்திலிருந்து, "முத்தையா, அந்தத் தபால்பெட்டியக் கொண்டா!" என்று கத்துவார். வந்தவர்கள் திகைத்துப்போய் வாசலைப் பார்ப்பார்கள்.

மகள் பேனையைத் தூக்கிவிட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

யுத்த காலம் அது. எங்கேயோ குண்டு வெடித்தது என்று கேள்விப்பட்டால் காலி வீதியில் கடைக் கதவுகள் மளமளவென்று இறங்கும். மறுநாள் திறக்கும். வெள்ளவத்தை லொட்ஜுகள் முழுக்க வடக்கிலிருந்து வந்த சனம். அதே நேரம் கலியாணமும் குறைவில்லை. கனடா, லண்டன், சுவிஸ் என்று மாப்பிள்ளைமார் லீவு எடுத்துக்கொண்டு வருவார்கள். பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் காத்திருக்கும். மண்டபத்தில் தாலி கட்டி, வீடியோ எடுத்து, மாப்பிள்ளை போய்விடுவார், பெண் பிறகு போகும்.

அந்தக் கலியாணங்களில் ஒரு வழக்கம் இருந்தது. கூறைச் சேலை எடுத்ததும் அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கடதாசியில் மடித்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். நாங்கள் அந்த நூலை வெள்ளைத்தாளில் நீட்டி வைத்து, பக்கத்தில் லிப்ஸ்டிக்கைக் கீறிக் காட்ட வேண்டும். நூலும் கோடும் ஒன்றாக இருந்தால் தாய்மாருக்குத் திருப்தி. பெண்ணின் முகத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மிஸ்ஸுக்கே அந்த நூலோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், கூறை என்றால் நூலுக்குப் பொருந்துவதைத்தான் கொடுப்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருடைய முறை செல்லாது.

அப்படி நூலோடு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் தர்சினி. இருபத்தைந்து வயது இருக்கும். கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டு தாயின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"தம்பி, கலியாணப் பொம்பிளைக்கு வாயில பூசுறது வேணும். மெல்லிசா, தெரியாத மாதிரி ஒண்டு தாங்கோ" என்றார் தாய்.

"தெரியாத மாதிரியாங்க?"

"ஓம். பூசினதும் தெரியக்கூடாது, வாயும் தெரியக்கூடாது."

மிஸ் திரும்பினார். "வாய் தெரியாம இருக்க லிப்ஸ்டிக் இல்லம்மா. அதுக்குத் தலையாணி உறைதான் போடோணும்."

கைலேஞ்சிக்குப் பின்னால் அந்தப் பிள்ளை சிரித்தது. கண் இரண்டும் அப்படியே பற்றிக்கொண்டதுபோல் இருந்தது. தாய்க்குத்தான் முகம் வாடிவிட்டது.

"எனக்குச் சிவப்பு வேணும்" என்றாள் தர்சினி, துணிக்குள்ளிருந்தே.

"பிள்ளை, சும்மா இரு."

"கூறை சிவப்பு, குங்குமம் சிவப்பு. என்ர வாய் மட்டும் என்ன பாவம் செய்தது அம்மா?"

மிஸ் வாசலுக்குக் கூட்டிப்போய், வீதிக்கு முதுகைக் காட்டி அவளை நிற்கவைத்து, தான் முன்னால் மறைத்து நின்றுகொண்டார். அவள் துணியை எடுத்தாள். மேலுதட்டின் இடது பக்கத்தில், நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, உதட்டை வெட்டிக்கொண்டு மூக்குப் பக்கமாக ஏறும் ஒரு தையல் கோடு. தைத்த இடம் வெளிறி, வழுவழுவென்று மின்னியது.

"ஷெல் துண்டு" என்றாள். "தைச்சவருக்கு என்ன அவசரமோ, கொஞ்சம் கோணிப்போச்சு."

தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாப்பிள்ளைக்குத் தெரியும் மிஸ். இவளே ஃபோனில சொல்லிப்போட்டாள். அந்தத் தம்பி நல்ல பிள்ளை. ஆனால் வீடியோ கனடாவுக்குப் போகும். அங்க அவையின்ர சொந்தமெல்லாம் ஒண்டா இருந்து போட்டுப் பாக்குங்கள். நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்குங்கள்."

"அம்மா மூண்டு வருசமா என்ர கையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா, எப்ப வாய்க்குப் போகுதெண்டு" என்றாள் தர்சினி. பிறகு மிஸ்ஸைப் பார்த்து, "அண்டைக்கு ஒரு நாள், அந்த ஒரு நாள் நான் கையை வாயில வைக்காமல் நிக்கோணும். அதுக்கு என்ன நிறமெண்டாலும் சரி. ஆனால் சிவப்பா இருக்கோணும்" என்றாள்.

கடையில் இருந்த அத்தனை சிவப்பையும் தட்டில் அடுக்கினேன். முதலில் நூல். நூலுக்கு அச்சாகப் பொருந்தியது வெத்திலை. தடவிப் பார்த்தால், உதடு முழுக்கச் சாயம் பிடித்தது, தையல் கோட்டில் மட்டும் பிடிக்கவில்லை. சிவப்புக்கு நடுவில் வெள்ளையாக எழும்பி நின்றது. தர்சினியின் கை தன்பாட்டில் வாய்க்குப் போனது. மிஸ் அந்தக் கையை மெதுவாக இறக்கிவிட்டுத் துடைத்தார். ஜம்பு மினுங்கும் சாதி, கோட்டை இன்னும் எடுத்துக் காட்டியது. தபால்பெட்டி முகத்தையே வெளிறப் பண்ணியது. பீட்ரூட் தடிப்பான சாயம். அது கோட்டைச் சுத்தமாக மூடிவிட்டது. மாயம்! தேடினாலும் தெரியவில்லை.

"இதுதான், இதுதான்" என்று தாய் கும்பிட்டார்.

தர்சினி கண்ணாடியைப் பார்த்தாள். "இது எங்கட பள்ளிக்கூடத்துப் பிரின்சிபல் அம்மான்ர வாய்" என்றாள்.

"சரியில்ல" என்றார் மிஸ். அவளுடைய கீழுதட்டை மடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "செங்கல் இருக்கா மேன்?"

"முடிஞ்சிருச்சு மிஸ்."

"புறக்கோட்டைல மேல் மாடில பழைய பெட்டி கிடக்கும். ஓடு."

ஓடினேன். பஸ்ஸில் ஏறியும் ஓடுகிற மாதிரித்தான் இருந்தது. மொத்தக் கடையின் மேல்மாடியில் பெட்டிகளை இறக்கி, ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். அடியிலிருந்த பெட்டியில் கிடைத்தது. காய்ந்த சாதிச் செங்கல், மினுக்கம் இல்லாதது. அக்கா தங்கச்சி நிறங்களையும் கையில் கிடைத்தமட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வழியில் செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கொடுத்தேன். இளம் ஆமிக்காரர் ஒருவர் பையைத் திறந்தார். உள்ளே நிறையச் சின்னச் சின்ன உலோகக் குழாய்கள். துவக்கில் போடும் ரவை போலவே இருக்கும், யோசித்துப் பாருங்கள். அவர் கை நின்றுவிட்டது.

"மே மொனவத?" என்றார். இது என்ன என்று.

"லிப்ஸ்டிக், சேர்."

"ஒக்கொம ஒயாகெத?" எல்லாம் உன்னுடையதா என்று கேட்டதும் பக்கத்தில் நின்ற மற்ற ஆமிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். வெயில் கொளுத்துகிறது. என் கை அன்றைக்குப் பயத்தில் இன்னும் குளிர்ந்து போயிருந்தது, அதனால் ஒன்றும் உருகவில்லை. கடையையும் கலியாணத்தையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அந்த இளம் பையனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கொஞ்சம் தயங்கி, குரலை இறக்கி, தனக்கும் ஊரில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு எந்தச் சிவப்பு நல்லது என்று கேட்டார்.

எனக்குப் பழக்கதோஷம். "அவங்க உதட்டுக்கு உள்பக்கம் என்ன நிறம், சேர்?" என்று கேட்டுவிட்டேன்.

மற்றவர் துவக்கைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு தம்பி, சொல்லு, உனக்குத் தெரியாமலா இருக்கும்" என்று சிங்களத்தில் அவனைப் படுத்திய பாடு! அந்தப் பையனின் காது இரண்டும் என் பையிலிருந்த எந்தச் சிவப்பிலும் சேராத சிவப்பாகிவிட்டது. அவன் ஒவ்வொரு மூடியையும் தானே கவனமாகப் போட்டு, பையை என் கையில் தந்து, "யன்ன அய்யே" என்றான். போங்கள் அண்ணே என்று. பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் நானாகவே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

தாயும் மகளும் கடையில் காத்திருந்தார்கள். மிஸ் செங்கலை வாங்கி, உதட்டில் நேரே வைக்காமல் தன் விரல் நுனியில் எடுத்து, தர்சினியின் உதட்டில் ஒற்றி ஒற்றி வைத்தார். டிஷ்யூவால் அழுத்தினார். கொஞ்சம் பவுடர். மறுபடி ஒற்றினார். நானும் என்னை அறியாமல் என் உதட்டை அழுத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நிறுத்தி, "சொல்லு" என்றார்.

"பம்... பம்பலப்பிட்டி."

"கேக்கல்ல."

"பம்பலப்பிட்டி!"

ஐயோ, அந்த நேரத்தை எப்படிச் சொல்வேன்? அது பூசிய மாதிரியே இல்லை. அந்த முகத்துக்குள் எங்கேயோ இருந்த நிறம் இப்போதுதான் வெளியே வந்த மாதிரி இருந்தது. கண் கறுத்தது, பல் வெளுத்தது, கழுத்து நிமிர்ந்தது. நான் "வந்திருச்சு மிஸ், வந்திருச்சு!" என்று கத்திவிட்டேன்.

"சரி" என்றார் மிஸ்.

தாய் மட்டும் கிட்டப் போய், உதட்டின் இடது பக்கத்தையே உற்றுப் பார்த்தார். "மெல்லிசாத் தெரியுது" என்றார். உண்மைதான். தேடினால் தெரிந்தது.

"வீடியோ லைட்ல பாப்பம்" என்றார் மிஸ்.

மறுநாள் நாலு பேரும் ஒரு திரீவீலரில் நெருக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அங்கே மிஸ்ஸின் சொந்தக்காரர் சவரி என்பவர், கலியாண வீடியோ எடுப்பவர், ஸ்டூடியோ வைத்திருந்தார். அந்தக் காலத்து வீடியோ லைட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மாப்பிள்ளை பொம்பிளை இரண்டு பேரையும் வேர்க்கவைத்துக் கண்ணைச் சுருக்கவைக்கும் மஞ்சள் நெருப்பு. சவரி லைட்டைப் போட்டு, கமராவை டீவியோடு இணைத்தார்.

முதலில் தாயின் ஆசைப்படி பீட்ரூட். டீவியில் கோடு இல்லை. ஆனால் உதடும் இல்லை. சிவப்பெல்லாம் கறுத்துப்போய், முகத்தின் நடுவில் குழி தோண்டிய மாதிரி இருந்தது. சவரி கமராவிலிருந்து கண்ணை எடுத்து, "தங்கச்சிக்குக் கலியாணமா, மரண வீடா?" என்றார். மிஸ் அவரை ஒரு பார்வை பார்க்க, மறுபடி கமராவுக்குள் கண்ணை விட்டுக்கொண்டார்.

துடைத்துவிட்டுச் செங்கல். டீவியில் அந்தச் சிவப்பு எழும்பியது, பாருங்கள்! அந்த மஞ்சள் வெளிச்சத்துக்கும் அசையவில்லை. ஆனால் கோடும் எழும்பியது. வாசலில் தேடினால்தான் தெரிந்தது, இங்கே தேடாமலே தெரிந்தது. மிஸ் மறுபடி ஒற்றினார், பவுடர் போட்டார், திரும்ப ஒற்றினார். கோடு மெலிந்தது, போகவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் இதற்குமேல் ஒன்றும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. ஒன்று, கோடு இல்லாத பீட்ரூட். இல்லாவிட்டால், கோட்டோடு செங்கல். மூன்றாவது கிடையாது.

"தெரியுது பிள்ளை, நல்லாத் தெரியுது" என்று தாய் அழத் தொடங்கினார். "மற்றதையே பூசுவம். ஒரு நாள் தானே."

"ஒரு நாள் தானே அம்மா" என்றாள் தர்சினியும்.

எழுந்து டீவிக்குக் கிட்டப் போனாள். அவள் போகப் போக டீவிக்குள்ளே அவள் முகம் விலகிப் போனது, அவள் இருந்த இடத்தைத்தானே கமரா பார்க்கிறது. சவரி கமராவைத் தூக்கிக்கொண்டு போய், டீவிக்குப் பக்கத்தில் நின்று அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் வாயைச் சுருக்கிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், பல் தெரியச் சிரித்துப் பார்த்தாள். சிரிக்கும்போது அந்தக் கோடு உதட்டோடு சேர்ந்து வளைந்தது.

"அம்மா, இவ்வளவு நாளும் கண்ணாடியில நான் கோட்டைத்தான் பாத்தனான். இண்டைக்குத்தான் வாயைப் பாக்கிறன்" என்றாள். "நல்ல வாய் அம்மா. நீங்களும் ஒருக்காப் பாருங்கோ."

தாய் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து, கடதாசியில் மடித்திருந்த நூலை எடுத்து நீட்டினார். அதுதான் அவருடைய கடைசிப் பிடி. "கூறைக்குச் சேராது பிள்ளை. பாருங்கோ மிஸ், இது வேற சிவப்பு, அது வேற சிவப்பு."

மிஸ் நூலை வாங்கினார். தர்சினியின் உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சேரவில்லைதான். எத்தனை வருசமாக அந்த நூல்களுக்குக் கொடுத்துவந்தவர் அவர். நூலை விரலில் சுற்றி, மறுபடி அவிழ்த்து, கீழே விட்டார்.

"மாப்பிள்ள நூலுக்கா தாலி கட்டப் போறாரு?" என்றார். "அம்மா, இந்தப் பிள்ளைக்கு இதுதான் சரி. கோடு தெரியும். தெரியட்டும். ஆனா முதல்ல தெரியிறது பிள்ளைட முகம்."

தாய் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். டீவியை அல்ல, மகளை. நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்பான்ர வாய்" என்றார்.

அன்றைக்கு ஸ்டூடியோவில் நாங்கள் ஐந்து பேரும் சோடா குடித்தோம். எனக்கு அது கலியாண வீட்டை விடப் பெரிய கொண்டாட்டமாக இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் கடையில் யார் நூல் கொண்டுவந்தாலும் மிஸ் அதை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, "பிள்ளைய வாசலுக்கு அனுப்புங்க" என்பார். சில தாய்மார் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். முதலாளி பெருமூச்சு விட்டார். விடட்டும்.

கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காலையில் மிஸ்தான் தர்சினிக்கு முக அலங்காரம் செய்தார். நான் குளிர்ந்த கையோடு பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். கூறை உடுத்து, தலை நிமிர்த்தி அவள் மணவறைக்கு வந்தபோது, சவரி லைட்டைத் தூக்கி நேரே முகத்துக்கு அடித்தார். அவள் கை இரண்டும் மாலைக்குக் கீழேயே இருந்தன. தாலி ஏறும்போதும் இருந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா, "பொம்பிளை என்ன நிறம் பூசியிருக்கிறா? நல்ல வடிவா இருக்கே, எங்க வாங்கினவை?" என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் கடையின் பெயர், வீதி, வாசல் எந்தப் பக்கம், எல்லாம் சொன்னேன்.

பிறகு பந்தி. வாழையிலையில் சோறு, கறிகள், பாயாசம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் சாப்பிட்டு முடித்ததும் சவரி, சொந்தக்காரர் எல்லோரையும் சேர்த்து ஒரு பெரிய படம் எடுக்கக் கூப்பிட்டார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் சட்டைப்பையிலிருந்து செங்கலை எடுத்துக்கொண்டு ஓடினேன். மிஸ் டிஷ்யூவோடு பின்னால் வந்தார்.

கிட்டப் போனால், பூசியது ஒரு சொட்டும் மிச்சமில்லை. சோற்றோடும் பாயாசத்தோடும் போய்விட்டது. எண்ணெய் பட்ட வெறும் உதடு, நடுவில் அந்தக் கோடு வெளிச்சமாக. கனடாச் சொந்தக்காரர் சுற்றி நின்றார்கள். சவரியின் லைட் நேரே அடிக்கிறது. மாப்பிள்ளை, தன் ஷேர்வானிக் கொலர் கழுத்தை நெரிப்பதாக ஏதோ சொல்ல, தர்சினி வாயைத் திறந்து, பல் எல்லாம் தெரிய, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பூச்செண்டு, மற்றக் கை மாப்பிள்ளையின் தோளில்.

நான் லிப்ஸ்டிக்கைத் திருகத் தொடங்கினேன். மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மூடு மேன்" என்றார். "அவளுக்கு அது போனதே தெரியல்ல."

மூடினேன். சவரி எங்கள் இரண்டு பேரையும் நடுவிலிருந்து விலகச் சொன்னார். விலகினோம். படம் எடுத்தார்.